தேய்ந்த ரூபாயும் அதன் கடைசி ஒன்பதும்

சித்திரை முதல் நாள் கனி காண்பதற்காக எங்கள் வீட்டில் வைக்கும் தட்டில், பழங்களுக்கும் கண்ணாடிக்கும் முன்னால், பன்னிரண்டு வெள்ளி ரூபாய்கள் அடுக்கப்பட்டிருக்கும். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டி மளிகைக் கடை நடத்திய என் தாத்தாவின் கல்லாவில் விழுந்தவற்றிலிருந்து பாட்டி ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தவை அவை. தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் அரிசியும் பருப்பும் வாங்க வந்தவர்கள் கொடுத்த காசு என்று அம்மா சொல்லுவார். அம்மா காலமான பிறகு தம்பி, தங்கை, நான் மூவரும் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தோம். அன்று மாலை தங்கையின் மகன் ஒரு ரூபாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் 1939 என்று போட்டிருக்கிறதே, இதைச் சாதாரண ரூபாயோடு சேர்த்து எண்ணாதீர்கள்" என்றான். அந்த ஒரு ரூபாயால் எங்கள் பங்கீடு நின்றுபோனது.

அதை, உண்மையானதா, எவ்வளவு தேய்ந்தது என்று வல்லுநர்கள் பார்த்துச் சொல்லும் தரச்சான்றுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு ஏறத்தாழ எட்டு மாதம் ஆனது. நான் நாணய வல்லுநன் அல்லன். முப்பத்தொரு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன். ஆனால் இந்த எட்டு மாதத்தில் படித்ததும் பார்த்ததும் விசாரித்ததும், இதே போன்று தேய்ந்த பழங்காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் ஒருவருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் 1939 ஏன் பேசப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ரூபாய் 1938ஆம் ஆண்டிட்டு பம்பாய், கல்கத்தா ஆகிய இரண்டு நாணயச்சாலைகளிலும் அடிக்கப்பட்டது; 1939ஆம் ஆண்டிட்டது பம்பாயில் அடிக்கப்பட்டது. அந்த ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. 1939 செப்டம்பரில் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கத் தொடங்கினார்கள். அரசு 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. மீதிப் பாதியில் செம்பு நாற்பது விழுக்காடும், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடும் சேர்ந்தன. பழைய உயர்தர வெள்ளி ரூபாய்கள் அந்தப் போர் ஆண்டுகளிலேயே படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டன. அந்த வரிசையின் கடைசி ஆண்டான 1939ஐத் தாங்கிய ரூபாய் இன்று மிகச் சிலவே கையில் கிடைக்கின்றன. அரிதாக இருப்பதால் விலையும் அதிகம். விலை அதிகமாக இருப்பதால் பொய்யும் அதிகம்.

பொய்யில் மூன்று வகை உண்டு. அச்சில் வார்த்தெடுத்தது ஒன்று; புதிதாக முத்திரை வெட்டி அடித்தது இன்னொன்று. மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. உண்மையான 1938 ரூபாய் ஒன்றை எடுத்து, அதன் எட்டின் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் செதுக்கி நீக்கிவிட்டால் எட்டு ஒன்பதாகிவிடும். வெள்ளியும் உண்மை, எடையும் உண்மை, மன்னரின் முகமும் உண்மை. கடைசி இலக்கம் மட்டும் பொய்.

எங்கள் ரூபாயும் அப்படிப்பட்டதுதான் என்று முதலில் சொன்னவர், மலைக்குக் கீழே உள்ள ஊரொன்றில் பழங்காசு வாங்கி விற்கும் ஒருவர். கையில் வாங்கி, லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக்கூட வைத்துப் பார்க்காமல், "எட்டை வெட்டி ஒன்பதாக்கி இருக்கிறார்கள், வெள்ளி விலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்ததும், அந்த விலையை மூன்று மடங்காக்கினார். பொய்க் காசு என்று தானே சொன்ன ஒன்றுக்கு ஏன் மூன்று மடங்கு கொடுக்க முன்வந்தார் என்ற கேள்வியோடுதான் அன்று பேருந்தில் பர்லியார் வளைவுகளில் ஏறி வீடு வந்தேன். ஒரு பொருளை வாங்க நினைப்பவரிடமே அதன் தகுதியைக் கேட்கக் கூடாது என்பது தேயிலையில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குன்னூர் ஏலத்தில் விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியாகச் சுவைத்துப் பார்ப்பார்கள். இருவருக்கும் நடுவில் தரகருடைய சுவைஞர் சொல்லும் மதிப்பீடு ஒன்று இருக்கும். அந்த நடு ஆள்தான் எங்களுக்கு வேண்டியிருந்தார்.

நாணயத்துக்கு அந்த நடு ஆளாக இருப்பவை தரச்சான்று நிறுவனங்கள். அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி தொடங்கின. இந்தியச் சேகரிப்பாளர்களிடையே பெரிதும் மதிக்கப்படுபவை இவ்விரண்டும். அவர்கள் நாணயத்தை வாங்குவதில்லை, விற்பதில்லை. ஒருவருக்கு மேற்பட்ட வல்லுநர்கள் பார்த்து, உண்மையானதா, தேய்மானம் எவ்வளவு, யாரேனும் கை வைத்திருக்கிறார்களா என்று முடிவு சொல்லி, நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்து, ஒரு எண்ணும் கொடுத்து அனுப்புவார்கள். சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்கிறார்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் விவரம் வரும். ஸ்லாப்பையே போலியாகச் செய்பவர்களும் இருப்பதால், வாங்குகிறவர் எண் பொருந்துகிறதா என்பதோடு படம் இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தர எண் 1 முதல் 70 வரை செல்லும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கப் பெரிய செண்டு நாணயங்களுக்காக வகுத்த அளவுகோல் இது. 70 வாங்கும் காசு, 1 வாங்கும் காசைப் போல எழுபது மடங்கு விலை பெறும் என்ற எண்ணத்தில் பிறந்தது. இன்று விலை அந்த விகிதத்தில் நடப்பதில்லை, எண் மட்டும் நின்றுவிட்டது. புழக்கமே காணாத காசுக்கு 60உம் அதற்கு மேலும். அதில் 63, 65, 67 என்று ஒரு எண் ஏறினாலே விலை பாயும். தேய்ந்த காசுக்கு 12, 20, 30 என்று வரும். இங்கே 20க்கும் 25க்கும் இடையிலான விலை வித்தியாசம் சிறியது. எனவே தேய்ந்த காசை அனுப்புகிறவர் எந்த எண் கிடைக்கும் என்று கனவு காண்பதில் பொருள் இல்லை. அவர் பணம் கட்டுவது 'உண்மையானது' என்ற ஒரு சொல்லுக்காக. இது புரிந்த பிறகுதான் என் யோசனை நேர்வழிக்கு வந்தது. தேயிலையிலும் பிஓபி, டஸ்ட் என்று மூட்டையில் எழுதும் தரம் இலைத்துகளின் அளவை மட்டுமே சொல்லும். விலையை முடிவு செய்வது வேறு.

அனுப்புவதற்கு முன் நாணயத்தை நாமே நேர்மையாகப் பார்க்க வேண்டும். நம்முடையது என்ற பாசம் கண்ணை மறைக்கும். எங்கள் ரூபாயில் மன்னரின் கிரீடத்தின் மேல்வளைவில் இருக்க வேண்டிய சிறு மணிகள் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. காதுக்கு மேலே முடிக்கற்றை வழுவழுப்பாகியிருந்தது. புருவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பின்புறம் பூவளையத்தின் இதழ்களில் மேடான பகுதிகள் தட்டையாகியிருந்தாலும் எழுத்துகள் முழுமையாக இருந்தன. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 20லிருந்து 30க்குள் வரலாம் என்று குறித்துக்கொண்டேன்.

ஆனால் தேய்மானத்தைவிடப் பெரிய குறை வேறொன்று இருந்தது. பாட்டி ஒவ்வொரு சித்திரைக்கும் முந்தைய நாள் இந்த ரூபாய்களை விபூதி போட்டுத் தேய்ப்பார். ஆடி மாத ஈரத்தில் கறுத்துப்போன ஆண்டுகளில் புளியும் போடுவார். அம்மாவும் அதையே செய்தார். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினேன். இயல்பாகத் தேய்ந்த வெள்ளியில் ஒளி மங்கலாகப் பரவும்; எங்கள் ரூபாயிலோ, மன்னரின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றுத் தளத்தில் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் மின்னின. பாட்டியின் பெருவிரல் போன வழி அது. அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்றாலும் தரச்சான்றில் இதற்கு மன்னிப்பு இல்லை. தேய்த்துத் துலக்கியது, நகையில் பற்றவைத்து எடுத்தது, துளை போட்டு அடைத்தது ஆகியவற்றுக்குத் தர எண் கொடுக்க மாட்டார்கள். உண்மையானதுதான், தேய்மானம் இந்த அளவு, ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று எழுதுவார்கள். இதை டீடெயில்ஸ் தரம் என்பார்கள். காசுமாலையில் கோத்திருந்த காசு உங்களிடம் இருந்தால் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். காது பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிகள் அடைபட்டிருக்கும், நிறமும் மாறியிருக்கும். கறுப்பாக இருக்கிறதே, அனுப்பும் முன் ஒருமுறை துலக்கிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரக் கூடாது. அந்தக் கருமை இயல்பாக ஏறியது என்றால் அதுவே நாணயம் தீண்டப்படாதது என்பதற்குச் சாட்சி.

அடுத்து நாமே செய்யக்கூடிய சோதனைகள். காந்தம் ஒட்டவில்லை. நகைக்கடையில் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை 11.54 கிராம், எண்பது ஆண்டுக் காலத் தேய்மானத்துக்கு 0.12 கிராம் குறைவது பொருத்தமானதே. அதன் பிறகு பத்தரின் அனுமதியோடு நீரில் நிறுத்துப் பார்த்தோம். தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எடை, நாணயம் விலக்கிய நீரின் எடை. எங்களுக்கு 1.12 கிராம் வந்தது. 11.54ஐ 1.12ஆல் வகுத்தால் 10.3. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளிக்கு வர வேண்டிய அடர்த்தி இதுதான். 1940க்குப் பிறகு வந்த பாதி வெள்ளி ரூபாயாக இருந்தால் 9.5 அளவில்தான் நிற்கும். பத்தர் மகிழ்ந்துபோய், "அப்புறம் என்ன சார், அசல் வெள்ளி" என்றார்.

அசல் வெள்ளிதான். ஆனால் இந்தச் சோதனை எதுவும் என் கேள்வியைத் தொடவில்லை. 1938 ரூபாயும் இதே எடை, இதே வெள்ளி. வார்த்த போலியையும் மலிவு உலோகத்தையும் தராசு பிடித்துவிடும். செதுக்கிய இலக்கத்தைத் தராசு அறியாது.

எனவே லூப்பை எடுத்துக்கொண்டு கடைசி ஒன்பதோடு உட்கார்ந்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். அதற்கு மேல் போனால் இயல்பான தேய்மானக் கீறலெல்லாம் உளிக்குறியாகத் தோன்றத் தொடங்கும். காலையில் பனிமூட்டம் விலகிய பிறகு, வடக்கு ஜன்னலருகே, இடப்பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி வைத்துப் பார்த்தேன். இந்த ஆண்டு எண்ணில் ஒரு வசதி இருக்கிறது: 1939இல் இரண்டு ஒன்பதுகள் உண்டு. இரண்டாவது இலக்கத்தைச் சான்றாக வைத்து நான்காவது இலக்கத்தை விசாரிக்கலாம். எட்டில் பெரும்பாலும் மேல் வளையம் கீழ் வளையத்தைவிடச் சிறியது. எட்டை வெட்டி ஒன்பதாக்கினால், அந்த ஒன்பதின் தலை பக்கத்து ஒன்பதின் தலையைவிடச் சிறுத்துத் தெரியும். எங்களுடையதில் இரண்டு தலைகளும் கண்ணுக்கு ஒரே அளவாக இருந்தன. அடுத்தது தேய்மானம். நான்கு இலக்கங்களும் ஒரே மட்டத்தில் தேய்ந்திருக்க வேண்டும். பின்னால் செதுக்கிய இடத்தில் விளிம்பு கூர்மையாகவோ, வால் மெலிந்தோ இருக்கும். கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடத்தைவிடப் பள்ளமாகவோ, வேறு நிறமாகவோ, தனியாகத் தேய்த்து மழுப்பியது போலவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பாய் நாணயச்சாலைக்கு அடையாளமான சிறு புள்ளி பின்புறத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புள்ளி இல்லையென்றால் அது கல்கத்தாவில் அடித்த 1938 ரூபாயைத் திருத்தியதாக இருக்கலாம். எங்களுடையதில் தேய்ந்துபோய் இருந்தாலும் புள்ளி இருந்தது. ஆனால் பம்பாயும் 1938இல் புள்ளியோடு ரூபாய் அடித்திருப்பதால், புள்ளி இருப்பது மட்டும் எதையும் உறுதி செய்யாது.

ஒப்பிட்டுப் பார்க்க அருவங்காட்டில் இருக்கும் ஒரு நண்பரிடமிருந்து 1938 ரூபாயைக் கடன் வாங்கி வந்தேன். அதன் எட்டையும் எங்கள் ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எட்டின் எந்தப் பகுதியை நீக்கினால் எங்கள் ஒன்பது வரும் என்று தாளில் வரைந்து பார்த்தேன். வரவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் ஒன்பதின் வால் வளையும் இடத்தில், இடப்பக்கமாக, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கீறல் இருந்தது. தினமும் பார்த்தேன். ஒரு நாள் அது பாட்டி தேய்த்த விபூதியின் கீறலாகத் தெரியும். இன்னொரு நாள் உளி பட்ட தடமாகத் தெரியும். தேய்ந்த காசின் சிக்கலே இதுதான். புதிய காசில் உளி பட்டால் பளிச்சென்று தெரியும். திருத்திய பிறகு சில ஆண்டு புழங்கவிட்டாலோ, வேண்டுமென்றே தேய்த்துவிட்டாலோ, குற்றத்தின் தடமும் காலத்தின் தடமும் ஒன்றாகிவிடும். ஆயிரக்கணக்கான உண்மையான காசுகளைப் பார்த்த கண் மட்டுமே இரண்டையும் பிரிக்கும். என் கண் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருந்தது.

அந்தக் கட்டத்தில் பழைய பழக்கப்படி நோட்டில் மூன்று பத்தி போட்டேன். சான்று இல்லாமல் இன்று விற்றால் கையில் வரக்கூடியது முதல் பத்தி. குறை எழுதிய சான்றோடு, உண்மையானது என்ற முடிவு வந்தால் கிடைக்கக்கூடியது இரண்டாவது பத்தி. திருத்தியது என்று வந்தால் மிஞ்சுவது மூன்றாவது பத்தி; அப்போது கட்டணமும் போய், கையில் சுமார் 10.6 கிராம் வெள்ளி மட்டும் இருக்கும். செலவில் கட்டணத்தோடு, நாணயத்தை நம் சார்பில் நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும் முகவரின் கூலி, போக்குவரத்து, காப்பீடு, வரி, கோவைக்குப் போய் வரும் செலவு எல்லாவற்றையும் சேர்த்தேன். நாணயத்தின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால், மதிப்பைக் குறைத்துச் சொன்னால் கட்டணம் குறையும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். தொலைந்து போனால் ஈடு கேட்பது அந்த மதிப்பை வைத்துத்தான். அந்த யோசனையைக் கேட்க வேண்டாம். மொத்தச் செலவு, முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அனுப்புவதில்லை என்று நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். 1939 ரூபாய் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கியது. பெட்டியில் இருந்த 1918, 1919 ரூபாய்களுக்கு இதே கணக்கைப் போட்டபோது, செலவு நாணயத்தின் விலையையே தாண்டியது. ஏராளமாக அடிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. அவற்றின் உண்மையை யாரும் சந்தேகிப்பதில்லை, தேய்ந்த நிலையில் எண் எதுவாக இருந்தாலும் விலை மாறுவதில்லை.

கணக்குக்கு வெளியே இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் கடைசியில் என்னை அசைத்தது. நான் மட்டும் வைத்துக்கொள்ளும் காசாக இருந்தால், அடுத்தவர் சொல்லுக்கு இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டேன். தட்டில் வைத்துக் கும்பிடச் சான்று எதற்கு? ஆனால் இது மூவருக்கும் சொந்தம். தம்பி ஒரு நாள் தொலைபேசியில், "அண்ணா, நீங்கள் சொன்னால் எனக்குச் சரிதான், ஆனால் நாளைக்கு நம் பிள்ளைகள் கேட்டால் யார் சொன்னதாகச் சொல்வது?" என்று கேட்டான். அது உண்மை என்று நம்பி ஒருவர் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் கொடுத்து, பின்னால் பொய்யாகப் போனாலும், பொய் என்று நம்பி விட்டுக்கொடுத்து, பின்னால் உண்மையாகப் போனாலும், உறவில் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சு விழாமல் இருக்க ஒரு வெளியாளின் சொல் தேவைப்பட்டது.

இங்கே ஒரு சட்டச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பெட்டியில் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றும் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் உள்ள சிறு யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்புக் கிளம்பி, வெளியீடு நிறுத்தப்பட்ட ரூபாய் அது. சுமார் 94 லட்சம் அடிக்கப்பட்டு, ஏறத்தாழ 7 லட்சமே வெளியே வந்த நிலையில் மற்றவை உருக்கப்பட்டன. 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இதையும் சேர்த்தே அனுப்பிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று இடைத்தரகர் ஒருவர் சொன்னார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை கொண்ட நாணயமும் தொல்பொருள்; மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. 1911 ரூபாய் 2011லேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. சான்று வாங்கப் போய்க் குற்றவாளியாக வேண்டியதில்லை. சோழர் காசு, நாயக்கர் காசு, கம்பெனிக் காசு என்று வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். நாணயம் வெளிநாடு போகுமா, இங்கேயே பார்ப்பார்களா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1939 ரூபாய்க்கு இன்னும் நூறு ஆண்டு ஆகவில்லை. இன்றைய சட்டம் அப்படியே இருந்தால் 2039இல் அந்தக் கதவும் மூடிவிடும் என்பதும் என் மனத்தில் இருந்தது.

அனுப்பிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கத்தையும் விளிம்பையும் கடைசி ஒன்பதையும் தெளிவாகப் படமெடுத்து, எடையையும் எழுதி, மூவரும் அந்தத் தாளில் கையெழுத்திட்டோம். அஞ்சலை நம்பாமல் நானே கோவைக்குக் கொண்டுபோய் முகவரிடம் கொடுத்தேன். ரசீதில் 'பழைய வெள்ளி ரூபாய் ஒன்று' என்று எழுதியிருந்ததை மாற்றி, ஆண்டு, எடை, அறிவித்த மதிப்பு மூன்றையும் எழுத வைத்தேன். திரும்பி வரும்போது சுங்கத்தில் புதிதாக வாங்கி வரும் பொருளாக எண்ணிவிடாதபடி, போகும்போதே தாள்கள் சரியாக இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கி, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்த ஒரு வாரத்தில் முடிவு வந்தது. உண்மையானது, தேய்மானம் விஎஃப் (வெரி ஃபைன், அதாவது 20 முதல் 35 வரையிலான தரம்) அளவு, துலக்கப்பட்டது. எண் இல்லை. நான் எதிர்பார்த்த அதே குறை, எதிர்பார்க்கத் துணியாத அதே சொல். தங்கையிடம் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது அவள் முதலில் கேட்டது விலையை அல்ல. "பாட்டி தேய்த்தது அவர்களுக்கு அங்கே தெரிந்ததா அண்ணா?" என்று கேட்டாள்.

விற்பதில்லை என்று பின்னர் மூவரும் முடிவு செய்தோம். அதன் மதிப்பை நடுவாக ஒன்று பேசி, தங்கை எடுத்துக்கொண்டாள்; மற்ற இருவருக்கும் உரியதை இரண்டு தவணையில் தருகிறாள். சான்று இல்லாமல் அந்தத் தொகையைப் பற்றி எங்களால் நிதானமாகப் பேசியிருக்க முடியாது.

மலையில் இருப்பவர்களுக்காக ஒரு செய்தி. ஸ்லாப்பில் அடைத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது காற்றுப் புகாத பெட்டி இல்லை. எங்கள் வீட்டில் ஆடி முதல் மார்கழி வரை சுவர் வியர்க்கும். இத்தனை ஆண்டும் ரூபாய்களைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் வைத்திருந்தோம், குளிரில் அதுதான் கையருகே கிடைக்கும். கம்பளியில் கந்தகம் உண்டு. வெள்ளி விரைவில் கறுக்க அதுவே போதும். ரப்பர் பேண்டும் அப்படியே. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் பைகளில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறி உலோகத்தை அரிக்கும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்க வேண்டும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பைகளை மாற்றுகிறோம். தொடும்போது விளிம்பை மட்டும் பிடிக்கிறோம்.

இந்தச் சித்திரைக்குத் தங்கை அந்த ஸ்லாப்பைப் பெட்டியோடு குன்னூருக்கு எடுத்து வந்தாள். முந்தைய நாள் இரவு தட்டை அடுக்கும்போது, பழக்க தோஷத்தில் என் மனைவி விபூதிக் கிண்ணத்தை எடுத்து வந்து வைத்தாள். பதினொரு ரூபாய்களும் கறுத்த நிறத்திலேயே தட்டில் ஏறின. பன்னிரண்டாவது பிளாஸ்டிக் உறைக்குள் அவற்றின் நடுவே நின்றது. விபூதியை நாங்கள் நெற்றியில் இட்டுக்கொண்டோம்.